ஏழுமலையை எந்த எழுத்தில் தேடுவது? புதுச்சேரி எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு) அனுபவம்

ஊர் வில்லியனூர், அப்பா பெயர் தெரியும், வருஷம் தெரியும். ஏழுமலை என்பவரின் பிறப்புப் பதிவு நகல் கேட்டு மனு. புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு பதிவு அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த இளைஞர் 'இ, எல், யு' என்று கணினியில் தட்டினார். "அப்படி ஒரு பேரே இல்லைங்க சார்" என்று மனுவைத் திருப்பி நீட்டிவிட்டார். பேரேட்டை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டால், கணினியில் வராததைத் தேடித் தர முடியாதாம். பிரான்சில் 'மேரி' என்கிற நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் காசில்லாமல் நகல் வீட்டுக்கு வருகிறது. சொந்த ஊரில் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் வயிறு எரியாதா?

ஆனால் பெயர் அங்கேதான் இருந்தது. உள்ளே ரெக்கார்டு ரூமில் இருந்த பெரியவர் காதில் விழுந்ததும் சொன்னார்: "வெள்ளைக்காரன் காலத்துப் பதிவு தம்பி, ழ-வுக்கு ஜே போட்டிருப்பான். ஜே-ல பாரு." சிவப்புத் துணி அவிழ்த்து, ஓரம் பொடிகிற பக்கங்களை உள்ளங்கையால் தாங்கித் தாங்கிப் புரட்டினார். இ, ஜே, ஓ, யு, எம், ஏ, எல், கடைசியில் தலையில் கோடு போட்ட இ. ஏழுமலை! இந்த மாதிரி ஒருவர் பாரீசின் எந்த அலுவலகத்திலும் கிடைக்கமாட்டார். அவர் ஓய்வு பெற்றபின் யாரைக் கேட்பது என்பதுதான் கவலை.

பிரெஞ்சு ஜே-யின் ஓசை நம் ழ-வுக்குக் கிட்டத்தில் இருப்பதால் வந்த வழக்கம் இது. தமிழரசியை இன்றும் ஜே போட்டு எழுதும் வீடுகள் புதுச்சேரியில் உண்டு. மற்ற எழுத்துகளுக்கும் கணக்கு இருக்கிறது. உகரம் என்றால் ஓ-யு. முத்து, முருகன் இரண்டும் எம்-ஓ-யு-வில் தொடங்கும். முருகனின் கடைசி என்-னுக்குப் பின் ஒரு இ வரும், இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் மூக்கால் உச்சரித்துவிடுவார். ராமசாமிக்கு நடுவில் இரட்டை எஸ். ஒற்றை எஸ் உயிரெழுத்துகளுக்கு நடுவே இசட் ஆகிவிடும். சந்திரசேகரனை சி-எச்சில் தேடாதீர்கள், எஸ்-ஸில் பாருங்கள். குப்புசாமிக்கு கே, சி இரண்டும். சுப்ரமணியனுக்கு நடுவில் B-யும் வரலாம், P-யும் வரலாம். மனு போடுமுன் இத்தனை வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தும் கிடைக்காவிட்டால் கையெழுத்தைச் சந்தேகப்படுங்கள். மை மங்கினால் யு-வும் என்-னும் ஒன்றுபோல் தெரியும். முத்து, 'மொந்தோன்' என்று கணினியில் ஏறியிருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிப் பதிவுகளில் சில குமாஸ்தாக்கள் இரட்டை எஸ்-ஸில் முதல் எஸ்-ஸை நீட்டி எழுதுவார்கள், பார்க்க எஃப் மாதிரி இருக்கும்.

ஊர்ப் பெயரும் காலை வாரும். உழவர்கரைக்கு ஓ-யு-எல். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்காரர்கள் டி-யில் தேடிப் பயனில்லை, பிரெஞ்சுப் பதிவில் அந்த ஊர் 'கிராந்த் அல்தே', ஜி-யில் பாருங்கள்.

ரெனோன்சான், அதாவது துறந்தோர், குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சு. 1881 செப்டம்பர் 21 ஆணைக்குப் பின் தங்கள் மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். அண்ணனும் தம்பியும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் பெயரும் வேறாக இருக்கலாம். அதனால் முதலில் துறப்புப் பத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்; பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே தாளில் இருப்பது அதில்தான். அதற்கு முந்தைய தலைமுறையைக் குடும்பப் பெயரில் தேடாமல், சொந்தப் பெயரோடு அப்பா பெயரை வைத்துத் தேட வேண்டும்.

உள்ளூரில் கதவு சாத்தினாலும் வழி இருக்கிறது. 1776 ஜூன் மாத அரசாணைப்படி குடியேற்றங்களின் பதிவுகளை மூன்று படி எழுதி, ஒன்றை பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்தப் படிதான் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்: ஊரைத் தேர்ந்தெடுத்து, வருஷம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பதிவு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு வந்தால் இங்கே கவுன்டரில் எழுத்துக்கூட்டல் தகராறே வராது, எண்ணைச் சொல்லியே நகல் கேட்கலாம்.

பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றுக்காகத் தேடுபவர்கள் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மத்திய எத்தா சிவில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்குள்ள பத்திரத்தில் எழுத்து தவறி இருந்தால், இங்கே நோட்டரியிடம் எடுக்கும் 'இருவரும் ஒருவரே' அஃபிடவிட்டால் மட்டும் அது மாறாது. திருத்த மனுவை அந்த அலுவலகத்துக்கோ நாந்த் அரசு வழக்கறிஞருக்கோ, அப்பா, தாத்தா பதிவு நகல்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.