சட்டன் ஹூ ஹெல்மெட்டுக்கு அடித்தொப்பி தேடுனேன், கடைசில கை கொடுத்தது பாத்திரம் செய்யற ஸ்பின்னிங் பட்டறை

ஆன்லைன்ல ரெடிமேட் ஸ்டீல் ஹெல்மெட் வாங்கி அதுமேல அலங்கார வேலை பண்ணலாம்னு நினைக்கறவங்க, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ படிச்சிருங்க. நாலு மாசம் அலைஞ்சு, கையில இருந்த காசும் ஓரளவு கரைஞ்சு, கடைசில எனக்கு வேண்டிய இரும்புத் தொப்பி 950 ரூபாய்க்கு நம்ம கோயமுத்தூர்லயே கெடச்சுது.

என்ன ப்ராஜெக்ட்டுன்னு சொல்லிடறேன். 2018ல வேலை விசயமா லண்டன் போனப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல 41ஆம் நம்பர் ரூமுக்குள்ள போனேன், அங்க சட்டன் ஹூ ஹெல்மெட் முன்னாடி நின்னவன் ஒரு மணி நேரம் நகரவே இல்ல. 1939ல இங்கிலாந்துல சஃபோக் பக்கம், சட்டன் ஹூங்கற எடத்துல, ஈடித் பிரெட்டிங்கற அம்மாவோட நிலத்துல இருந்த மேட்ட பேசில் பிரவுன் தோண்ட ஆரம்பிச்சு, உள்ள ஒரு முழு கப்பலையே வச்சு புதைச்ச கல்லறை வெளிய வந்துச்சு, அதுக்குள்ள இந்த ஹெல்மெட் 500 துண்டுக்கு மேல நொறுங்கிக் கெடந்துருக்கு. 1945-46ல ஒரு தடவ ஒட்டிப் பாத்தாங்க, அது சரியில்லன்னு திரும்பப் பிரிச்சு 1970-71ல நைஜல் வில்லியம்ஸ்ங்கறவர் மறுபடி கோர்த்ததுதான் இப்ப கண்ணாடிக்குள்ள இருக்கறது. புதுசுல எப்படி இருந்துருக்கும்னு காட்ட ராயல் ஆர்மரீஸ்ங்கற ஆயுத மியூசியம் செஞ்ச காப்பியும் அங்கயே இருக்கு, வெள்ளி மாதிரி தகதகன்னு.

என்னை இழுத்தது அந்த வேலைதாங்க. ஒரே இரும்புத் தகட்டுல அடிச்சு எடுத்த தொப்பி, அதுமேல அச்சுல வச்சு புடைச்ச மெல்லிசான வெண்கலத் தகடு, அந்தத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசிருக்காங்க. ஆடற வீரர்கள் ஒரு தகட்டுல, கீழ விழுந்தவன் மேல குதிரைய ஏத்தறவன் இன்னொன்னுல, மிச்சத்துல பின்னல் கோலம். அங்க நின்னு பாக்கறப்ப எனக்கு இங்கிலாந்து ஞாபகமே வரல, தஞ்சாவூர் கலைத்தட்டும் சாமிக்கு சாத்தற கவசமும்தான் கண்ணுல வந்துச்சு. சின்ன வயசுல தெருவுல 'பாத்திரத்துக்கு ஈயம் பூசலையா'ன்னு கூவிட்டு வருவாரு ஒருத்தர், குழி தோண்டி கரி போட்டு துருத்தி ஊதி, நவச்சாரத்த தூவுனா வெள்ளையா பொகை கெளம்பும், துணியால ஒரே தேய்ப்பு, பித்தளைச் சட்டி உள்ளுக்குள்ள வெள்ளியாயிடும். அதே வேலைய ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னாடி எவனோ ஹெல்மெட் தகட்டுல பண்ணிருக்கான். இத நாமளே செஞ்சு பாத்தா என்னன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

தகடு, அச்சு, ஈயம் எல்லாம் இங்க கெடைக்கும்னு தைரியம் இருந்துச்சு. மாட்டிக்கிட்டது அடியில இருக்கற இரும்புத் தொப்பிலதான். தொப்பிய நாமளே சுத்தியல்ல அடிச்சு எடுக்கறது வருசக்கணக்கா பழகுனவங்க வேலை, அதுனால ரெடியா ஒன்னு வாங்கிடலாம்னுதான் ஆரம்பிச்சேன்.

முதல்ல ஆன்லைன். வெளிநாட்டுல விக்கற பழங்கால ஹெல்மெட்ல நிறைய நம்ம வடநாட்டுல, மீரட் டேராடூன் பக்கம் செஞ்சு போறதுதான், அதுனால நேரா இங்கயே வாங்குனா மலிவா இருக்கும்னு கணக்கு போட்டு, ஒரு கடைல 2,600 ரூபாய்க்கு '16 கேஜ் மைல்ட் ஸ்டீல்'னு போட்டுருந்தத வாங்குனேன் (கேஜுங்கறது தகட்டோட கனத்துக்கு நம்பர், நம்பர் கூடுனா கனம் கொறையும்). பெட்டிய பிரிச்சதும் பாக்க அம்புட்டு அழகு. ஆனா வெர்னியர் வச்சு ஓரத்துல அளந்தா 0.9 மி.மீ. 16 கேஜுன்னா 1.6 மி.மீ. வரணும், இது 20 கேஜ். பரவால்ல அலங்காரத்துக்குத்தானன்னு மனச தேத்திக்கிட்டு ட்ரில் போட்டா, ரிவெட்டுன்னு நெனச்சதெல்லாம் தலைய மட்டும் வெட்டி பசைல ஒட்டுனது, நடுப்பட்டி ஸ்பாட் வெல்டிங், மேல மொத்தமா லேக்கர், அதாவது கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதுமேல சால்டர், அதாவது ஈயப் பத்து, ஒட்டவே ஒட்டாது, லேக்கர சுரண்டுனா கீழ நிக்கல் பாலிஷ். எனக்கு அந்தப் பளபளப்பே வேண்டாமுங்க, அதுமேல முழுசா தகடு வந்து மூடப்போகுது. பளபளப்புக்கு காச வாங்கிட்டு இரும்புல கை வச்சுட்டாங்க. ட்ரில் போட்டதால ரிட்டர்னும் எடுக்கல, அது என் தப்பு. நீங்க வாங்குனா முதல்ல அளந்துருங்க, அப்பறமா ஓட்டை போடுங்க.

அடுத்து உக்கடம் பழைய சாமான் பக்கம் தேடுனப்ப பழைய மிலிட்டரி ஸ்டீல் ஹெல்மெட் ஒன்னு 700 ரூபாய்க்கு மாட்டுச்சு. கனம் கச்சிதம், வளைவும் நல்லா இருந்துச்சு. காந்தத்த வச்சா ஒட்டல! அப்பவே யோசிச்சிருக்கணும். பழைய பிரிட்டிஷ் ஹெல்மெட்டும் அமெரிக்க எம்-1 ஹெல்மெட்டும் ஹேட்ஃபீல்டு மாங்கனீஸ் ஸ்டீல், அது காந்தத்துல ஒட்டாது, அடிக்க அடிக்க, ட்ரில் உரச உரச இன்னும் கடினமாகும். மூணு ட்ரில் பிட்டு போச்சு, ஒரு ஓட்டை முழுசா எறங்கல. சட்டன் ஹூ தகடுங்கள அப்படியே ஒட்டி விடலங்க, ஓரத்துல வரி வரியா பட்டி வச்சு ரிவெட் அடிச்சு புடிச்சிருக்காங்க, ஓட்டை நூத்துக்கணக்குல வேணும். அதுனால மிலிட்டரி ஹெல்மெட் ஆகவே ஆகாது. அத ஷெல்ஃப்ல மரியாதையா வச்சுட்டேன்.

எவர்சில்வர் கிண்ணமும் பாத்தேன், மலிவுதான், துருவும் புடிக்காது, ஆனா சால்டர் புடிக்க ஆசிட் ஃப்ளக்ஸ் வேணும், ட்ரில் போட்டா அதுவும் கெட்டியாகும். அம்மாவோட இருப்புச்சட்டிய தலைல கவுத்துப் பாத்தப்ப, "ஏங்கண்ணு, அதுல கொழம்பு வைக்கோணும், வச்சுட்டுப் போ"ன்னு சொல்லிட்டாங்க. உண்மையாவே அது ஆழம் பத்தாது.

இப்ப நான் மெயினா சொல்ல வந்த கடை. கடைன்னு சொல்றதவிட பட்டறை, கணபதிங்கற ஏரியா பக்கம் ஒரு சந்துல, பாத்திரமும் லைட் ஷேடும் ஜாப் ஒர்க்குல ஸ்பின்னிங் பண்றவங்க. ஸ்பின்னிங்னா தெரியாதவங்களுக்கு: லேத்துல மர அச்சு மாட்டி, அதுமுன்னாடி வட்டமா வெட்டுன ஷீட்ட வச்சு நெருக்கி, சுத்த விட்டு, நீளமான கம்பிய அக்குள்ல இடுக்கி அழுத்தி அழுத்தி ஷீட்ட அச்சு மேல படிய வைப்பாங்க. தட்டையா இருந்த தகடு கண்ணு முன்னாடியே சட்டி மாதிரி குவியும், பாக்கறதுக்கே ஒரு நாள் போகலாம்.

அங்க இருந்த பெரியவர்ட்ட ஃபோன்ல படத்த காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "ஏனுங் தம்பி, சாமிக்கா?"ன்னாரு. இல்லீங்கண்ணா, மியூசியத்துல இருக்கறதுன்னு சொன்னதும் இன்னும் ஆர்வமாயிட்டாரு. ஒத்தப் பீசுக்கு புதுசா மர அச்சு கடைஞ்சா அச்சுக்கே ரெண்டாயிரத்துக்கு மேல ஆயிரும், பரண்ல பழைய அச்சுங்க கெடக்கு அதுல உங்க அளவு இருக்கான்னு பாருங்கன்னாரு. இதுதான் பெரிய டிப்புங்க, புது அச்சு கேக்காதீங்க, இருக்கற அச்சுல தேடுங்க. ஏதோ லைட் ஷேடுக்கு போட்டது 21 செ.மீ. விட்டத்துல ஒன்னு இருந்துச்சு. என் தலைச்சுத்தளவு 58 செ.மீ., உள்ள பஞ்சும் தோலும் வைக்க இடம் விட்டா 66 கிட்ட வேணும், 21 விட்டத்துக்கு சரியா 66 வருது. கைல டேப்ப வச்சுக்கிட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஷீட்டு அவரே சொன்னாரு, சாதா சி.ஆர். ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) போட்டா தோள்ல, அதாவது வளைஞ்சு எறங்கற எடத்துல, கிழியும், இ.டி.டி. கிரேடு, அதாவது ஆழமா இழுத்தாலும் கிழியாதது, அதுல போடலாம்னு. கனம் 18 கேஜ், 1.2 மி.மீ. சண்டை போடறதுக்கு மாட்டறவங்க 16 கேஜோ 14 கேஜோ போடணும், எனக்கு அலங்காரத்துக்குத்தான். ஒரு பீசு 950, ரெண்டா எடுத்தா 1,700ன்னாரு, ரெண்டு எடுத்தேன். சொன்ன நாள்ல கெடைக்கல, செவ்வாய்னு சொல்லி அடுத்த திங்கக்கெழமதான் வந்துச்சு, கல்யாண சீசன் ஆர்டர் நிறையன்னாங்க. எனக்கு அதுல குறை இல்ல, அவசரமா வேணும்னா மட்டும் நெனப்புல வச்சுக்குங்க.

பொருள் எப்படின்னா, ஆழம் 14 செ.மீ., எடை 810 கிராம். உச்சில 1.2 அப்படியே இருக்கு, தோள் பக்கம் இழுபட்டு 1.0க்கு வந்துருக்கு, ஸ்பின்னிங்ல இது வரும். உச்சில அழுத்திப் புடிச்ச எடத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு தட்டையா ஒரு தடம் இருக்கு. மொதல்ல மனசுக்கு உறுத்துச்சு, அப்பறம் பாத்தா முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் போற கொண்டை சரியா அதுமேலதான் உக்காருது, மூடிரும். வெளிப்பக்கம் ரிக்கார்டு தட்டு மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கும், ஷோ பீசுக்கு வாங்கறவங்களுக்கு அது குறை, எனக்கு வரம். சால்டரும் பசையும் அந்தக் கோட்டுல நல்லா கவ்வுது.

ஒரே ஒரு வேலை நாம பண்ணனும். ஸ்பின்னிங்ல வர்றது முழு வட்டம், மனுசத் தலை வட்டம் இல்ல. ரெண்டு பக்கமும் வேப்பங்கட்டைல வளைவா செதுக்கி வைஸ்ல வச்சு கொஞ்சம் கொஞ்சமா நெருக்குனேன், முன்பின் 22.5, பக்கவாட்டு 19.5 வரைக்கும் கொண்டு வந்தேன். ஒரே அழுத்தா அழுத்துனா ஓரம் நெளியும், அரை சென்டிமீட்டரா போகணும். நல்ல ஷீட்டுங்கறதால முரண்டு பண்ணாம கேட்டுச்சு.

அப்பறம் உள்ளயும் வெளியயும் ஸ்பின்னிங் கிரீஸ் அப்பியிருக்கும், தின்னர்ல தொடைச்சு சோப்புத் தண்ணில கழுவுங்க, கழுவுன கையோட காய வச்சு எண்ணெய் தடவிருங்க. நான் கழுவி மாடில வச்சுட்டு தூங்கிட்டேன், ராத்திரி தூறல், காலைல பாத்தா மொத்தமும் மஞ்சத் தூள் பூசுன மாதிரி துரு. எமரி பேப்பர் போட்டு ஒரு நாள் முழுக்க தேய்ச்சேன்.

கன்னத்துக்கு ரெண்டு, பின்கழுத்துக்கு ஒன்னு, முகமூடிக்கு ஒன்னு, இதெல்லாம் தனித்தனித் துண்டு. மிச்ச ஷீட்டையே பெரியவர் காசு வாங்காம குடுத்துட்டாரு. எல்லாம் சேந்தா ரெண்டு கிலோவ தாண்டும்னு கணக்கு, நெஜ ஹெல்மெட் புதுசுல ரெண்டரை கிலோ இருந்துருக்கும்னு சொல்றாங்க, அதுனால மனசுக்கு நெறைவாத்தான் இருக்கு.

இதுவரைக்கும் நாலு தகடு அடிச்சு உக்காத்திருக்கேன். தஞ்சாவூர்ல தட்டு வேலை பாக்கறவர் ஒருத்தர் சொல்லிக்குடுத்த மாதிரி, அச்சு மேல தகட்ட வச்சு அதுக்கு மேல காரீயத் தகட்ட வச்சு அடிக்கறேன், குதிரையோட பிடரி மயிர் வரைக்கும் எறங்குது. 2 மி.மீ. ட்ரில் இந்த இரும்புல வெண்ணெய் மாதிரி போகுது, மொத பிட்டே இன்னும் ஓடுது. புருவத்துக்கு கார்னெட்ங்கற ரத்தினக் கல்லு பதிக்கணும். நெஜ ஹெல்மெட்ல ஒரு பக்கப் புருவத்துல கல்லுக்கு அடியில தங்கத் தகடு வச்சு மின்ன விட்டுருக்காங்க, இன்னொரு பக்கம் பெரும்பாலான கல்லுக்கு அது இல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய நகைல இருந்த கார்னெட்ல நிறைய இந்தியா, இலங்கைலருந்து போனதுன்னு ஆய்வு பண்ணவங்க சொல்றாங்க, நம்ம கோமேதகமும் அந்த ஜாதிக் கல்லுதான், ஆனா எனக்கு வேண்டியது செவப்பு. அத கரூர் பக்கம் கல்லு வெட்டறவங்ககிட்ட கேட்டு வச்சிருக்கேன்.

ரேட்டுக்கு, இரும்புக்கு, பேச்சுக்கு அந்தப் பட்டறைக்கு நான் முழு மார்க் போடுவேன், டெலிவரி நாளுக்கு மட்டும் கொஞ்சம் கொறைப்பேன். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் பாத்திரம் செய்யற ஏரியால போய் 'ஸ்பின்னிங் ஜாப் ஒர்க் பண்றீங்களா'ன்னு கேளுங்க, அளவ செ.மீ.ல எழுதி எடுத்துட்டுப் போங்க, பாலிஷ் வேண்டாம் பெயிண்ட் வேண்டாம்னு மொதல்லயே சொல்லிருங்க. ரெண்டாவது தொப்பி எண்ணெய் தடவி நியூஸ் பேப்பர்ல சுத்தி பரண்ல இருக்கு, மொதல்ல எடுத்ததுல கை பழகுனதுக்கு அப்பறம்தான் அத பிரிப்பேன்.