தடுப்பூசி கேரியர்: எதை வாங்கலாம், எங்கே கெடும்

நோய் பரவும் இடத்துக்குத் தடுப்பூசி சுமக்கும் சாதாரண கேரியரின் அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. தடித்த காப்புச் சுவர், நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் குப்பிகள், மேலே ஸ்பாஞ்ச். மூடியை அடிக்கடி திறக்காவிட்டால் ஒரு நாள் முகாமுக்குத் தாங்கும்.

சிக்கல் ஐஸ் பேக்கில்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் போல அலுமினிய உப்பு சேர்ந்தவை ஒருமுறை உறைந்தாலே வீண். குப்பியில் ஒட்டியிருக்கும் விவிஎம் (சூட்டில் நிறம் மாறும் லேபிள்) வெப்பத்தால் வந்த கேட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டவே காட்டாது. அதனால் பேக்கை வெளியே வைத்து, மேலே நீர் முத்துகள் அரும்பி, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்த வேலைதான்.

உறைதல் தடுப்பு கேரியரில் இந்தக் காத்திருப்பே கிடையாது. பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே தனித் தடுப்பு உண்டு. ஆனால் எடை கூடுதல். நாள் முழுக்க நடப்பவரின் தோளுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் பென்டாவேலன்ட் கொண்டுபோவதென்றால் இதையே வாங்குங்கள்.

போலியோ சொட்டு மருந்துக்கு மட்டும் என்றால் பழையதே போதும், அது உறைந்தாலும் கெடாது. தட்டம்மை-ரூபெல்லா தூளும் அப்படியே. தூளைக் கரைக்கும் திரவம் இருக்கும் கரைப்பான் ஆம்பூல்தான் உறைந்தால் விரிசல் விடும். கலந்த குப்பியை ஸ்பாஞ்சின் கீறலில் செருகுங்கள். 6 மணி நேரமோ முகாம் முடிவோ, எது முதலில் வருகிறதோ அப்போது மீதியைக் கழித்துவிட வேண்டும்.