நிரந்தரமா, நாள் சம்பளமா?

பிரிட்டன் அரசு 2013-இல் 'முதலில் கிளவுட்' என்று கொள்கை வகுத்தது: இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதியைத்தான் (கிளவுட்) அரசுத் துறைகள் முதலில் பரிசீலிக்க வேண்டும். அதற்கேற்ப கணினி அமைப்புகளை வடிவமைக்கும் மூத்த டெக்னிக்கல் ஆர்க்கிடெக்டை நிரந்தரமாக எடுப்பதா, ஒப்பந்தத்திலா என்பதுதான் அங்குள்ள துறைகளுக்குத் தலைவலி. பத்து வருடம் ஓட வேண்டிய சேவை என்றால் என் ஓட்டு நிரந்தரத்துக்கே.

ஒப்பந்தக்காரர் சீக்கிரம் வந்துவிடுவார். நாள் கணக்கில் பணம். ஆனால் 2017 ஏப்ரல் முதல், வரிக்கணக்கில் அவரை ஊழியராகக் கருத வேண்டுமா என்று முடிவு செய்வது அமர்த்தும் துறையின் பொறுப்பு. சரி, அதைக்கூடச் சமாளிக்கலாம். எந்தச் சேவையை எந்த கிளவுடில், ஏன் வைத்தோம் என்ற காரணங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் அவரோடு கிளம்பிவிடும். ஆவணம் எழுதி வாங்கலாம்தான், யார் படிக்கிறார்கள்?

நிரந்தரப் பணியில் கையில் வரும் சம்பளம் குறைவு, ஆள் தேர்வும் இழுக்கும். ஆனால் ஓய்வூதியத்துக்கு அரசு கட்டும் பங்கு சம்பளத்தில் சுமார் 29 சதவீதம். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடலாம்.