இருபது வயது ஜென்னுக்கு ஐம்பதாயிரம்: பட்டறையும் கணக்கும்

திருச்சி அரியமங்கலம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் என் மாருதி ஜென்னுக்குப் பெரிய வேலை பார்த்தேன். பெயரைக் கேட்காதீர்கள். "எழுதிடாதீங்க டீச்சர், இருக்கிற வண்டிக்கே கை பத்தலை" என்று பட்டறைக்காரர் பாய் சொல்லிவிட்டார். வேலைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். நேரம் காப்பதற்கு ஒன்றரை, அதுவும் பெரிய மனசு பண்ணி.

வண்டி 2005 நவம்பரில் பதிவானது. எல்எக்ஸ் மாடல், ஏசி உண்டு, பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்ஜின் 993 சிசி, நான்கு சிலிண்டர், முழுக்க அலுமினியம். 1993ல் வந்து 2006ல் நின்றுபோன கார் இது. இங்கே செய்து ஐரோப்பாவுக்கு சுசுகி ஆல்ட்டோ என்ற பெயரில் கப்பலேற்றினார்கள். எடை கம்மி என்பதால் இந்தச் சின்ன இன்ஜினுக்கே வண்டி துள்ளும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறியிருக்கிறேன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே கிடைக்கிற இடத்தில் நிறுத்தலாம். ஸ்டீயரிங் கனம்தான். ஆனால் சக்கரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். பவர் ஸ்டீயரிங்குக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம்.

போன வருடம் மூன்று தொந்தரவுகள் சேர்ந்து வந்தன. காலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் வண்டி உதறும். பாலக்கரை மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது, அது கிளட்ச். ரேடியேட்டர் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த எஸ்டிமேட் 1,10,000 ரூபாய். அதில் முதல் வரியே "இன்ஜின் போரிங்", அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்து சிலிண்டரைக் கடைவது. அதுவரை ஒரு பிளக்கைக்கூட அவர்கள் கழற்றிப் பார்க்கவில்லை. கையோடு விற்பனைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து, எக்ஸ்சேஞ்சில் 35,000 போட்டுத் தருகிறேன், 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது, இதைவிட நல்ல நேரம் கிடையாது மேடம் என்றான். ஜிஎஸ்டி பற்றி அவன் சொன்னது சரிதான். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. மகளும் சென்னையிலிருந்து போனில், "அம்மா, அந்த டப்பாவைத் தள்ளிவிடும்மா" என்று ஒத்து ஊதினாள்.

பாய் பட்டறையில் நடந்ததே வேறு. பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, டார்ச்சும் ஒரு பெரிய ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் போய்விட்டார். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகரம் 'டங்' என்று கேட்கிறது. துருப்பிடித்த இடம் 'தொப்' என்கிறது. ஜாக்கி போடும் இடம், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் உடம்போடு சேரும் இடம், முன் சஸ்பென்ஷன் மேலே உட்காரும் கிண்ணம் என்று வரிசையாகத் தட்டினார். பிறகு உள்ளே வந்து டிரைவர் கால்மிதியைத் தூக்கி, அதன் அடியில் இருந்த பஞ்சைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் துளையை வேப்பிலைச் சருகு அடைத்திருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கி, பஞ்சில் தங்கி, தரையை அரித்திருக்கிறது. இடது கையை விரித்து வைத்தால் மூடிவிடும் அளவுக்கு ஓட்டை. மற்ற இடமெல்லாம் 'டங்'.

ஏன் இங்கே ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்ஜின் போனா இன்ஜின் கிடைக்கும் டீச்சர். சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பினா முழு இன்ஜினே வரும். பாடி போனா என்ன பண்ணுவீங்க?" ஜென்னுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது, உடம்புதான் சேசிஸ். சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் அரித்துப்போனால் அதற்குமேல் எவ்வளவு செலவழித்தாலும் அது காயலான் கடைக்குப் போகிற வண்டிதான். தரைத் தகரம் மட்டும் என்றால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் வைக்கலாம். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊரில் ஓடிய வண்டியென்றால் கதை வேறு. திருச்சியின் வறண்ட காற்று என் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய காரை வைத்திருப்பவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் கவலைப்படுகிறார்கள். முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்.

இன்ஜினுக்கு அப்புறம்தான் வந்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து என்னையே செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூன்று சிலிண்டர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. நான்காவது நன்றாகவே கீழே. அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து, முள் மேலே ஏறும். ஏறவில்லை. அப்படியானால் கோளாறு கீழே பிஸ்டன் பக்கம் இல்லை. மேலே வால்வு, அல்லது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். தண்ணீர் குறைந்ததற்கும் அதுவே விடை. போரிங் வேண்டாம், ஹெட் ஒர்க் போதும். ஒரு லட்ச ரூபாய் எஸ்டிமேட்டின் முதல் வரி ஒரு ஸ்பூன் ஆயிலில் கரைந்துபோனது.

பில் விவரம்: ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்த்தது, வால்வு லேப்பிங், கேஸ்கெட் செட் எல்லாம் சேர்த்து 9,500. எப்படியும் பிரிக்கிறோம் என்று டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும், 3,200. கிளட்ச் செட் 4,800. லோயர் ஆர்ம், புஷ், முன் ஷாக் அப்சார்பர் 9,000. தரை வெல்டிங், டிங்கரிங், அண்டர்கோட்டிங் 12,000. நான்கு டயர்கள் 12,000. ஆக 50,500. பெட்ரோல் குழாய்களை மாற்றியதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இப்போது பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஜென் காலத்து வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார், முட்டை ஓடு மாதிரி வெடிப்பு.

"வண்டி மதிப்பில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிடு" என்று எல்லோரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். என் வண்டிக்கு மார்க்கெட்டில் நாற்பதாயிரம் கிடைத்தால் அதிகம். அந்தக் கணக்குப்படி டயர் மாற்றி கிளட்ச்சும் போட்டாலே நெருங்கிவிடும். நான் போட்ட கணக்கு இது. நான் பார்த்த சின்னப் புது கார் ஷோரூம் விலை ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே. தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரை ஆயுள் வரி 12 சதவீதம், அதன்மேல் இன்சூரன்ஸ். சாலைக்கு வரும்போது ஆறு லட்சத்தை ஒட்டி நிற்கும். ஐந்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,379. நான் கொடுத்தது ஐந்து மாதத் தவணைகூட இல்லை. பெட்ரோல் மிச்சம் என்பார்கள். மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஜென் ஊருக்குள் லிட்டருக்கு 14 தருகிறது. புது வண்டி 18 தரும் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ஆறேகால் லிட்டருக்குச் சற்று மேல் மிச்சம், சுமார் 650 ரூபாய். அதை வைத்துத் தவணை கட்ட முடியாது.

பதிவுப் புதுப்பித்தலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020ல் முதல் தடவை புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். என் வண்டிக்கு இருபது முடிந்ததும் சரியாக அந்த நவம்பர்! பசுமை வரி, புகைச் சான்று தனி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், ஆயிரம் சிசிக்குள் என்பதால், வரி நீங்கலாக 2,094. பத்தாயிரம் கசக்கத்தான் செய்தது. ஐந்து வருடத்துக்கு என்று வகுத்துக்கொண்டேன். 15 வருடமானால் வண்டியை ஓட்டவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: பெட்ரோல் வண்டிக்கு அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் பாஸ் வாங்கினால் போதும். பாய் முந்தின நாளே சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, எழுத்துகள் பளிச்சென்று தெரிகிற மாதிரி செய்து அனுப்பினார். அங்கே அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது எல்லா எண்ணும் விழுந்தது.

புது வண்டியின் பக்கம் ஒரே ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. இன்றைய சின்ன கார்கள் சிலவற்றிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது. ஜென்னில் ஒன்றுகூடக் கிடையாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. இதை எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துச் சேர்க்க முடியாது. ஆகவே பேரப்பிள்ளை வந்தால் சென்னை நெடுஞ்சாலைக்கு ஜென் போகாது. ரயில் அல்லது வாடகைக் கார். தினம் புறவழிச்சாலையில் நூறில் பறக்கிறவர் என்றால், தகரம் எவ்வளவு 'டங்' என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட், கோயில், எப்போதாவது புதுக்கோட்டை என்று ஓட்டுகிற என் மாதிரி ஆளுக்கு ரிப்பேர் சரிப்படும்.

பட்டறையின் குறைகள்: எழுத்தில் எஸ்டிமேட் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான். கழற்றிய பழைய சாமானைக் கேட்டால் சாக்கில் கட்டிக் கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. சொன்ன தேதிக்கு வண்டி வராது. லேத்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்பார், அந்த லேத்காரர் எந்த ஊருக்குத்தான் அப்படிப் போகிறாரோ. போன் எடுக்க மாட்டார். உட்கார ஒரு ஸ்டூல். டிரைவர் பக்கக் கதவின் கீழே தொட்ட பெயின்ட் ஒரு பிடி அடர்த்தியாக இருக்கிறது, வெயிலில் தெரியும். ஏசி கம்ப்ரஸரில் லேசான சத்தம் இருக்கிறது. கோடை வரை ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். அது பத்தாயிரத்துக்கு மேல் போனால் செய்யப்போவதில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொள்வேன்.