டவர் பிரிட்ஜின் கண்ணாடித் தளம்: ஜெட் விமானம் புகுந்து சென்ற இடைவெளிக்கு மேலே

லண்டனின் டவர் பிரிட்ஜைக் கரையில் நின்று பார்ப்பதற்கும் நடந்து கடப்பதற்கும் கட்டணம் கிடையாது. அப்படியிருக்க, நுழைவுச் சீட்டு வாங்கிக் கோபுரத்துக்குள் ஏறத்தான் வேண்டுமா என்று லண்டன் செல்லும் பலரும் தயங்குகிறார்கள். விமான வரலாற்றில் சிறிதளவேனும் ஈடுபாடு உள்ளவர்கள் கட்டாயம் ஏற வேண்டும் என்பது என் கருத்து. பாலத்தின் சாலைக்கும் மேலே இரு கோபுரங்களை இணைக்கும் நடைபாதைகளுக்கும் இடையே, 1968 ஏப்ரல் 5 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் போர் விமானம் ஒன்று புகுந்து வெளியேறியது. அந்தத் துணிச்சல் எத்தகையது என்பதைப் புகைப்படங்களோ எழுத்தோ காட்டிவிட முடியாது. மேல் நடைபாதையில் நின்று கீழே நோக்கும்போதுதான் அது மனத்தில் பதிகிறது.

அந்த விமானத்தை ஓட்டியவர் ஃபிளைட் லெப்டினன்ட் ஆலன் பொல்லக். 1918 ஏப்ரல் 1 அன்று தோன்றிய பிரிட்டிஷ் விமானப்படைக்கு அந்த வாரம்தான் ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. ஆனால், பொன்விழாவையொட்டி லண்டன் வானில் அணிவகுப்புப் பறத்தல் எதற்கும் ஏற்பாடு செய்யப்படவில்லை. பாதுகாப்புச் செலவுகள் வெட்டப்பட்டுவந்த காலத்தில் இந்தப் புறக்கணிப்பும் சேர்ந்து அவரை வருத்தியது. தெற்கிலுள்ள டாங்மியர் தளத்திலிருந்து நார்ஃபோக்கின் வெஸ்ட் ரேனம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த முதலாம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் அணியிலிருந்து பிரிந்து, அவர் லண்டனுக்குள் தாழப் பறந்து வந்தார். நாடாளுமன்றத்தை மும்முறை வட்டமிட்டார். தேம்ஸ் கரையிலுள்ள விமானப்படை நினைவுச் சின்னத்துக்கு இறக்கைகளை அசைத்து வணக்கம் செலுத்தினார். பின்னர் ஆற்றின் வழியே கிழக்கு நோக்கிப் பறந்தார். வழியில் இருந்த பாலங்களை எல்லாம் மேலாகக் கடந்தவர், டவர் பிரிட்ஜை மட்டும் ஊடுருவிச் சென்றார்.

மேல் நடைபாதைகள் சாலையிலிருந்து 33.5 மீட்டர் உயரத்தில் உள்ளன. கோபுரங்களுக்கு இடையிலான தூரம் 61 மீட்டர். ஹன்டரின் இறக்கை அகலமோ 10 மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த எண்களைத் தாளில் படிக்கும்போது, இடம் தாராளமாக இருந்ததாகவே தோன்றும். 2014இல் அமைக்கப்பட்ட கண்ணாடித் தளத்தின் மீது நின்றால் அந்த எண்ணம் கலைந்துவிடுகிறது. காலுக்குக் கீழே மாடிப் பேருந்துகள் ஊர்ந்து செல்கின்றன. பொல்லக் புகுந்த கணத்திலும் அப்படியொரு மாடிப் பேருந்து பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. பேருந்தின் உயரத்தைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 29 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் விமானம் 166 மீட்டர் கடந்துவிடும். அதாவது, மூக்கு அரைப் பாகை கூடுதலாக ஏறியதா இறங்கியதா என்று விமானி உணர்ந்து திருத்துவதற்குள் பாலம் பின்னால் போயிருக்கும். நுழைவதற்கு முன்பே எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அவர் அதற்காக முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதை நினைக்கும்போது வியப்பு இன்னும் மிகுகிறது.

அந்தப் பேருந்தில் இருந்தவர்களின் உயிரையும் அவர் பணயம் வைத்தார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவருடைய திறமையைப் போற்றுகிறேன். ஆயினும் படை அவரைக் கைது செய்ததில் தவறு காண முடியாது. ஆனால், இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி அவர் தரப்பைக் கேட்காமல், மருத்துவக் காரணம் காட்டிப் படையிலிருந்து விலக்கியது நேர்மையான முடிவாக எனக்குப் படவில்லை. தம் எதிர்ப்பைப் பொதுவெளியில் சொல்லவே தொழிலைப் பணயம் வைத்தவருக்கு, அதைச் சொல்லும் மேடையாவது கிடைத்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ளலாம். இந்த நடைபாதைகள் 1910இல் மூடப்பட்டு 1982இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. எனவே ஹன்டர் கடந்தபோது இன்று நாம் நிற்கும் இடத்தில் பார்வையாளர் எவரும் இருந்திருக்க வழியில்லை. இதே இடைவெளியில் 1912 ஆகஸ்டிலேயே ஃபிராங்க் மெக்ளீன், இறக்கைகள் மேலும் கீழுமாக இரு தட்டுகளில் அமைந்த விமானம் ஒன்றைச் செலுத்தியிருக்கிறார். அவர் படைவீரர் அல்லர். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் விமானிகள் பயிற்சி பெற்றது அவர் இரவலாகக் கொடுத்த விமானங்களில்தான். ஜெட் விமானத்தில் இதைச் செய்தவர் பொல்லக் ஒருவரே.

தென்கரையிலுள்ள இயந்திர அறைகளும் அதே நுழைவுச் சீட்டில் அடங்கும். கப்பல்களுக்கு வழிவிட மேலெழும் பாலத்தின் தூக்குத் தளங்களை 1976 வரை இயக்கிய நீராவி இயந்திரங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. பொறியியல் ஆர்வலர்கள் அங்கு நெடுநேரம் நிற்பார்கள்.

கிழக்கு, மேற்கு என நடைபாதைகள் இரண்டு. இரண்டிலும் கண்ணாடித் தளம் உண்டு. பொல்லக் வந்த திசையைக் காண மேற்கு நடைபாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கண்ணாடித் தளமும் 11 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமுமே உடையது என்பதால், படம் எடுப்போர் கூடிவிட்டால் நின்று பார்க்க இடம் இராது. காலையில் திறந்தவுடன் செல்வது நல்லது. பாலம் தூக்கப்படும் நேரங்கள் முன்னதாகவே இணையத்தில் வெளியிடப்படுகின்றன. அந்த நேரத்துக்கு மேலே இருக்குமாறு முன்பதிவு செய்தால், சாலை இரண்டாகப் பிளந்து எழுவதைக் காலடியிலேயே காணலாம். படியேற இயலாதவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் விமானப்படை நினைவுச் சின்னத்தில் தொடங்கி, ஆற்றங்கரை வழியாகச் சுமார் 4 கிலோமீட்டர் நடந்தே பாலத்துக்கு வரலாம். பொல்லக் கடந்த பாலங்களில் பலவற்றை வழியிலேயே பார்த்துவிடலாம். ஹன்டர் விமானத்தையே அருகிலிருந்து காண விரும்புவோர் டாங்மியர் இராணுவ விமான அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். 1953இல் நெவில் டியூக் உலக வேகச் சாதனை படைத்த சிவப்பு ஹன்டர் அங்கே இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் பாலத்தையே பரிந்துரைப்பேன்.