சிறிய கட்சிக்காரரின் வரலாற்றைத் தேடினால்: தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்

தேர்தல் வந்தால் பத்திரிகைக்கு வேட்பாளர் குறிப்பு எழுதுவது என் வேலை. சொந்த ஊர், படிப்பு, இதற்கு முன் எங்கே நின்றார், எத்தனை ஓட்டு வாங்கினார் என்று எல்லாவற்றையும் பத்து வரிக்குள் அடக்க வேண்டும். அதற்கு நான் முதலில் திறப்பது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் புள்ளிவிவர அறிக்கைகளைத்தான். முதல் பொதுத்தேர்தல் தொடங்கி மக்களவை, சட்டமன்றம் இரண்டுக்கும் தொகுதிவாரியாக இருக்கிறது. காசு கிடையாது. டெபாசிட் போனவர்கள் பெயர்கூட ஓட்டு எண்ணிக்கையோடு கிடைக்கும். தமிழில் இல்லை என்பது ஒரு குறை. மற்றபடி எண்களுக்கு இதைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரியாது.

பெரிய கட்சிக்காரர் என்றால் ஒரு மணி நேரத்தில் குறிப்பு தயார். சிறிய கட்சிக்காரர் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தொல். திருமாவளவனை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் இயக்கத்தை 1999-இல் தேர்தல் களத்துக்குக் கொண்டுவந்தவர். அந்த வருடம் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் நின்றார். அறிக்கையில் அவர் பெயருக்கு நேராக இருப்பது தமிழ் மாநில காங்கிரஸ். 2001-இல் மங்களூர் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். அங்கே திமுக என்று இருக்கிறது. (இது கடலூர் மாவட்டத்து மங்களூர். தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டது. ஆங்கிலத்தில் தேடினால் கர்நாடக மங்களூர்தான் வந்து நிற்கும், கவனம்.) 2004-இல் மறுபடியும் சிதம்பரம். இந்த முறை ஐக்கிய ஜனதா தளம். விடுதலைச் சிறுத்தைகள் கட்சி (விசிக) என்ற பெயரோடு அவர் பட்டியலில் தெரிவது 2009-இல்தான்.

அரசியல் தெரியாத ஒருவர் இந்த அறிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், ஐந்து வருடத்தில் மூன்று கட்சி மாறியவர் என்று எழுதிவிடுவார். அந்த மனிதர் இயக்கத்தை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை. அங்கீகாரம் இல்லாத கட்சி கூட்டணியில் சேரும்போது, அதன் ஆள் சின்னம் கொடுக்கும் கட்சியின் ஏ, பி படிவத்தோடு (இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் படிவங்கள்) மனு செய்தால் சட்டப்படி அந்தக் கட்சியின் வேட்பாளராகிவிடுவார். அறிக்கை அதை அப்படியே பதிகிறது. சட்டப்படி சரி, வரலாற்றுக்குப் போதாது. திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்த அந்தச் சட்டமன்ற உறுப்பினர் பதவியை அவர் 2004-இல் ராஜினாமா செய்தார். ஏன் செய்தார் என்பது புரிய வேண்டுமென்றால் சின்னம் பற்றிய இந்த விவகாரம் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மதிமுகவின் ஆறு வேட்பாளர்களும் உதயசூரியனில் நின்றார்கள், நான்கு பேர் ஜெயித்தார்கள். அந்த நான்கும் திமுகவின் 133-க்குள் அடங்கிவிட்டன. முப்பது வருடம் கழித்து ஒரு மாணவர் இந்த அட்டவணையைப் பார்த்தால், மதிமுக அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை என்றுதான் நினைப்பார்.

வேட்பாளரின் சொத்து, வழக்கு, படிப்பு வேண்டுமென்றால் படிவம் 26 பிரமாணப் பத்திரம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் வந்த வசதி. அதற்கு முந்தைய தேர்தல்களுக்கு இதை எதிர்பார்க்க முடியாது. பழைய தலைவர்களைப் பற்றி எழுதும்போது இந்த இடம் காலியாகவே நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது படிவம் 20. வாக்குச்சாவடி வாரியான கணக்கு. 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 48,363 ஓட்டு, அதிமுக வேட்பாளர் 48,450. வித்தியாசம் 87. இந்த 87 என்ற எண் மட்டும்தான் செய்தியில் வரும். படிவம் 20-ஐ விரித்து ஒவ்வொரு சாவடியாக இறங்கிப் பார்த்தால்தான், ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு அறையில் இவர் பக்கம், பக்கத்து அறையில் அவர் பக்கம் என்று ஒரு ஊரே எப்படிப் பிரிந்து நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். சிறிய கட்சியின் பலம் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறு இல்லை. தேர்தல் செய்தி எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், ஏற்ற இறக்கத்தைப் பார்க்க மக்களவை அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படியுங்கள். சிதம்பரத்தில் 2009-இல் வெற்றி, 2014-இல் 1,28,495 ஓட்டில் தோல்வி, 2019-இல் 3,219 ஓட்டில் வெற்றி, 2024-இல் 1,03,554 ஓட்டில் வெற்றி. ஒரே மனிதர், ஒரே தொகுதி. கூட்டணிக் கணக்கு ஒரு சிறிய கட்சியை எவ்வளவு தூரம் தூக்கும், எவ்வளவு தூரம் இறக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆணையத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: சின்னம் தந்த கட்சிக்குப் பக்கத்தில், வேட்பாளரின் சொந்தக் கட்சிக்கு ஒரு கட்டம் போடுங்கள். 2019-இல் சிதம்பரத்தில் திருமாவளவன் விசிகவின் பானைச் சின்னத்தில் ஜெயித்தார், விழுப்புரத்தில் அதே கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் ஜெயித்தார். அறிக்கையில் விசிகவுக்கு ஒரு இடம்தான். 2024-இல் இரண்டு பேரும் பானையிலேயே ஜெயித்தார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிக்கு இரண்டு இடம் என்ற விதி நிறைவேறி, 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது. அந்தக் கட்டம் வரும்வரை, என் குறிப்புகளில் அடைப்புக்குறிக்குள் சொந்தக் கட்சியின் பெயரை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.