பி.எஸ்சி.யில் மார்க் குறைவு, ஆனால் டாக்டராகணும்: டர்பனிலிருந்து எந்த வழி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் பி.எஸ்சி.யில் சேர்கிறார்கள். "மூணு வருஷம் கழிச்சு மாறிக்கலாம்" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். மூன்று வருடம் கழித்து வரும் மார்க் தாள் பல நேரம் இப்படி இருக்கும்: முதலாண்டு வேதியியல் 43, சப்ளிமென்டரி எழுதி 50. இரண்டாமாண்டு உடலியல் 54. மூன்றாமாண்டு உயிர்வேதியியல் 66. மொத்தச் சராசரி ஐம்பதுகளின் நடுவில் தடுமாறும்.

இந்தத் தாளோடு போகக்கூடிய வழிகள் நான்கு. எது சுலபம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் வேறு விதமாகக் கேட்பேன்: சல்லடையை எங்கே வைத்திருக்கிறார்கள், நுழையும்போதா, படித்து முடித்து வெளியே வரும்போதா? சல்லடை இல்லாத வழி எதுவும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் செலவும் வயதும் மாறுகின்றன.

முதல் வழி, ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பு. 2003 முதல் நடக்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் நேராக மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்களோடு போய்ச் சேர்ந்து நான்கு வருடத்தில் முடிக்கலாம். பல்கலைக்கழக அளவில் உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்திருக்க வேண்டும். தனியாக ஒரு நுழைவுத் தேர்வும் உண்டு. மேலே சொன்ன தாளோடு இன்றைக்கே விண்ணப்பித்தால் முதல் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். இடங்கள் குறைவு. வரிசையில் நிற்பவர்களில் எழுபதுகளில் மார்க் எடுத்தவர்களும் எஞ்சினியர்களும் உண்டு.

அதனால்தான் நடுவில் ஒரு வருடம் ஹானர்ஸ். இங்குள்ள ஹானர்ஸ், பி.எஸ்சி.க்கு மேல் தனியாகச் செய்யும் ஓராண்டுப் படிப்பு. இந்தியாவிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் இதை அங்கிருக்கும் பி.எஸ்சி. ஹானர்ஸோடு குழப்பிக்கொள்கின்றன. ஹானர்ஸில் சேர, துறைகள் பொதுவாக மூன்றாமாண்டு முதன்மைப் பாடங்களில் 60 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கேட்கும். நம் தாளில் இருக்கும் 66க்கு மதிப்பு வருவது இங்கேதான். முதலாண்டு 43 அழிந்துபோகாது. ஆனாலும் ஹானர்ஸில் 70க்கு மேல் எடுத்தால், "பையன் தாமதமாக விழித்துக்கொண்டான்" என்று தாளே சொல்லும். படிப்படியாக ஏறிய மார்க் ஒரு கதை, இறங்கிய மார்க் வேறு கதை. சராசரி ஒன்றாகவே இருந்தாலும் தேர்வுக் குழு இரண்டையும் ஒன்றாகப் படிக்காது. மூன்றாமாண்டிலும் ஐம்பதுகளில் நிற்பவர்களுக்கு ஹானர்ஸ் கதவும் திறக்காது. அவர்கள் தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பட்டத்துக்காக அல்லாமல் தனிப் பாடங்களாகச் சிலவற்றை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே மார்க்கைத் தேற்றப் பார்க்கலாம். மெதுவான வழிதான், ஆனால் பாக்கெட்டைக் காலி செய்யாது.

கணக்குப் போடுங்கள். ஹானர்ஸ் 1, மருத்துவம் 4, இன்டர்ன்ஷிப் 2, டாக்டர்களுக்குக் கட்டாயமான சமூக சேவை 1. எட்டு வருடம், அதில் கடைசி மூன்றில் சம்பளம் உண்டு. இந்த வழியில் சல்லடை முழுக்க முன்பக்கம். உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் டாக்டராகத்தான் வெளியே வருவீர்கள்.

இரண்டாவது வழி, உள்ளூரிலேயே முதலாண்டிலிருந்து ஆறு வருட மருத்துவம். உம்பிலோ சாலையில் இருக்கும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் நம் மண்டேலா மருத்துவக் கல்லூரி வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்காக 1951இல் தொடங்கியது. இன்றைக்கும் நம் பிள்ளைகளின் முதல் கனவு அதுதான். ஆனால் பெரும்பாலான இடங்கள் மெட்ரிக் மாணவர்களுக்கே போகின்றன. பட்டதாரிகளுக்குக் கிடைப்பது சிறு பங்கு. அதிலும் இன வாரியாகக் கணக்கு பார்க்கப்படும். போட்டியிடும் இடங்கள் எவ்வளவு சுருங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கல்வி நிதி உதவி முதல் பட்டத்துக்குத்தான் என்பதால், இரண்டாவது பட்டத்தின் ஆறு வருடச் செலவு குடும்பத்தின் தலையில். விண்ணப்பியுங்கள், தப்பில்லை. இதை மட்டும் நம்பி ஒரு வருடம் வீட்டில் உட்காராதீர்கள். இன்னொன்று, "பணம் கொடுத்தால் உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்பவரைக் கண்டால் எழுந்து போய்விடுங்கள்.

மூன்றாவது, வெளிநாடு. டர்பனில் அதிகம் பேசப்படுவது இதுதான், அதிகம் மறைத்துப் பேசப்படுவதும் இதுதான்.

"அண்ணே, மொரீஷியஸ்ல சீட் கிடைக்குதாமே, பக்கத்துலதானே, அனுப்பிடலாமா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? கிடைக்கும். பெல் ரிவ்வில் உள்ள எஸ்.எஸ்.ஆர். மருத்துவக் கல்லூரி 1999 முதல் இருக்கிறது. ஹங்கேரி, பல்கேரியாவிலும் ஆங்கிலத்தில் ஆறு வருட மருத்துவம் உண்டு. இவற்றில் பல இடங்களில் பள்ளி உயிரியலும் வேதியியலும்தான் முக்கியம், உங்கள் பி.எஸ்சி. சராசரியைத் தோண்டிப் பார்ப்பது குறைவு. மார்க் குறைந்தவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி இல்லை. ஏஜென்ட் சொல்வது இத்தோடு நின்றுவிடும்.

மீதியை நான் சொல்கிறேன். திரும்பி வந்ததும், இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.பி.சி.எஸ்.ஏ. நடத்தும் போர்டு தேர்வை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறை ஒன்று. செய்முறையில் வரிசையாக மேசைகள் இருக்கும். மணி அடித்ததும் ஒரு நோயாளி, எதிரே மார்க் தாளோடு தேர்வாளர், கையில் சில நிமிடம். மறுபடி மணி அடிக்கும், அடுத்த மேசை. கேட்பது நம் நாட்டு மருத்துவம்: எச்.ஐ.வி.யோடு காசநோய் சேர்ந்து வந்தவர், இங்குள்ள சிகிச்சை நெறிமுறை. ஐரோப்பிய வார்டில் ஆறு வருடம் நின்றவர் இதை எத்தனை முறை நேரில் பார்த்திருப்பார்? மொழி வேறு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014இலிருந்து, ஐசிசூலு (சூலு மொழி) தெரியாமல் முதல் பட்டத்துக்குச் சேருபவர்கள் அதைப் படிக்கிறார்கள். வெளியே போனவர் அந்த நேரத்தில் நோயாளியோடு பேச ஹங்கேரிய மொழி கற்றுக்கொண்டு வருகிறார்.

போர்டு தேர்வு தேறினாலும் இன்டர்ன்ஷிப் இடத்துக்குக் காத்திருக்க நேரிடலாம். இடம் கிடைக்காமல் நிற்கும் இளம் டாக்டர்களைப் பற்றி இங்கே செய்தி வருவது புதிதல்ல. காத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டுக்கு வாங்கிய பாண்டுக்கு (வீட்டுக் கடனுக்கு) வட்டி மட்டும் ஓடும். இந்த வழியில் சல்லடை பின்பக்கம். அங்கே சிக்கினால் போனது ஆறு வருடமும் ஒரு வீட்டின் விலையும். ஆறு வருடக் கட்டணத்துக்கு மேல் இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் தாங்கும் குடும்பம் என்றால் போகலாம். அதற்குக் குறைவாக இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.

"அந்தக் காலத்துல நம்மாளுங்க வெளியே போய்த்தானே படிச்சாங்க" என்று தாத்தாமார் சொல்வார்கள். உண்மைதான். டர்பனில் பிறந்த டாக்டர் கூனம் 1928இல் எடின்பரோ போய், 1936இல் டாக்டராகத் திரும்பினார். நட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த டாக்டர் மாண்டி நாயக்கரும் அங்கேதான் படித்தார். அவர்கள் போனது டர்பனில் அவர்களுக்கு ஒரு மருத்துவக் கல்லூரியே இல்லாத காலத்தில். மார்க்கைச் சுற்றிக்கொண்டு போக அவர்கள் கப்பலேறவில்லை.

நான்காவது, க்ளினிக்கல் அசோசியேட். மூன்று வருடப் பட்டம். வால்டர் சிசுலு பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது, விட்ஸிலும் பிரிட்டோரியாவிலும் உண்டு. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைக் கணிப்பது, காயம் தைப்பது, சிறு சிகிச்சைகள் செய்வது எல்லாம் இவர்கள் வேலை. மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு நேரத்தில் இவர்கள் இருந்தால்தான் வரிசை நகரும். நம் வீடுகளில் இந்தப் பெயரே தெரியாது, தெரிந்தால் "டாக்டர் இல்லையா?" என்று முகம் சுளிப்பார்கள். கல்யாணப் பேச்சில் சொல்ல வசதியான பட்டம் இல்லை, அவ்வளவுதான் குறை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது மருத்துவப் பட்டத்துக்குப் படிக்கட்டு அல்ல. முடித்த பிறகும் டாக்டராக ஆசை இருந்தால், எல்லாப் பட்டதாரிகளோடும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். நோயாளியோடு இருப்பதுதான் ஆசை என்பவர்களுக்கு, நாலு வழியிலும் குறைந்த நஷ்டம் இதில்தான்.

என் தேர்வு இப்படி. மார்க் ஏறுமுகமாக இருந்து மூன்றாமாண்டில் 60 தாண்டியிருந்தால் ஹானர்ஸ், பிறகு விட்ஸ். மூன்று வருடமும் ஐம்பதுகளில் படுத்திருந்தால், படிப்பு முறை மாறாமல் வெளிநாடு போவது அதே பிரச்சினையை அதிக விலைக்கு வாங்குவது. அவர்களுக்கு க்ளினிக்கல் அசோசியேட்டை முதலில் சொல்வேன், யூனிசாவை இரண்டாவதாக.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. மருத்துவ விண்ணப்பங்கள் வழக்கமாக ஜூன் கடைசியோடு மூடிவிடும், ஹானர்ஸுக்குப் பல துறைகள் அதற்குப் பிறகும் வாங்கும். ஹானர்ஸ் ஆண்டில் ஜூனில் விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது அரையாண்டு மார்க் மட்டுமே. ஆகவே பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியதுமே படிக்க உட்கார வேண்டும், நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பையும் அப்போதே தொடங்கிவிட வேண்டும்.